அதே மாத்திரை, வாரம் மூன்று நாள்

“அண்ணே, ஒரே மாத்திரையைக் குடுன்னும் சொல்வாங்க, குடுக்காதேன்னும் சொல்வாங்களா?”

கேட்டவர் கீழக்கரைத் தம்பி ஒருவர். மீனா பஜாரில் துணிக்கடை வேலை. பர் துபாயில் பாங்க் ஸ்ட்ரீட்டுக்குப் பின்சந்தில் ஒரு கரக் டீக்கடை இருக்கிறது. கடை அடைத்த பிறகு அங்கே வருவார். நான் ஒரு கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை எடுக்கிற டெக்னீஷியன். டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், என்னை வெள்ளைக் கோட்டில் ஒருமுறை பார்த்துவிட்டவர்கள் நம்புவதில்லை.

கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று, ஊரிலிருந்து வந்த மருந்துச் சீட்டு. லாத்தா (அக்கா) மாப்பிள்ளைக்கு எழுதியது. மச்சானுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, கூடப்பிறந்த தம்பியின் ஸ்டெம் செல்லை ஏற்றி ஒரு வருடம் தாண்டிவிட்டது. நோய் போய்விட்டது, ஆனால் இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சீட்டில் மூன்று மருந்துகள்: காலையும் மாலையும் இன்ஹேலர், இரவில் மாண்டெலுகாஸ்ட், திங்கள் புதன் வெள்ளி அசித்ரோமைசின் 250 மில்லிகிராம். இரண்டாவது படம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஆகஸ்டில் விடுத்த எச்சரிக்கை. ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு வராமலிருக்க அசித்ரோமைசினை நீண்ட நாள் கொடுத்தால், புற்றுநோய் திரும்புவதும் சாவும் கூடுகின்றன என்கிறது அது.

“லாத்தா ராத்திரி பூரா தூங்கலை. மாத்திரையை நிறுத்திடவான்னு கேக்குது. நான் என்ன சொல்ல?”

“நிறுத்தச் சொல்லாதீங்க தம்பி. டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்த வேணாம்” என்றேன் முதலில். சீட்டும் பொய்யில்லை, எச்சரிக்கையும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும் என்று சொல்லி முடிக்க இரண்டு டீயாவது ஆகும்.

ஸ்டெம் செல் என்றால் இந்த ஊரில் பலருக்கு முழங்கால் வலிக்கும் முகப் பொலிவுக்கும் வருகிற விளம்பரங்கள்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. பழைய பேச்சில் எலும்பு மஜ்ஜை மாற்று. கடுமையான கீமோ கொடுத்து நோயாளியின் மஜ்ஜையை வெறுமையாக்கிவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் ரத்த மூல அணுக்களை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். கத்தி வைக்கும் வேலை நோயாளிக்குக் கிடையாது. இந்தியாவில் இதை முதலில் செய்தது பம்பாய் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, 1983இல். வேலூர் சிஎம்சி 1986இல் தொடங்கியது. அமீரகத்தில் 2020இல்தான் அபுதாபியில் ஆரம்பித்தார்கள். சம்பளம் குறைந்தவர்களுக்கு துபாயில் கொடுக்கிற அடிப்படைக் காப்பீட்டின் ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹம். இப்படியொரு நோய் வந்தால் நம் ஆட்கள் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போவது அதனால்தான்.

ஏற்றிய அணுக்கள் உடம்பில் வேர்பிடித்த பிறகு நோயாளியின் ரத்தம் மட்டும் மாறுவதில்லை, நோய் எதிர்ப்பு சக்தியே கொடுத்தவருடையதாகிவிடுகிறது. மச்சானின் உடம்புக்குள் இப்போது வேலை பார்ப்பது அவர் தம்பியின் எதிர்ப்பு அணுக்கள். அவை இரண்டு காரியங்களைச் செய்யும். கீமோவுக்குத் தப்பி எங்காவது ஒளிந்திருக்கும் புற்று அணுக்களைத் தேடிப்பிடித்துக் கொல்லும். சிகிச்சையின் பாதி பலனே இதில்தான் இருக்கிறது. அதே அணுக்கள், மச்சானின் தோல், வாய், கண், கல்லீரல், குடல் எல்லாவற்றையும் அந்நியம் என்று எண்ணித் தாக்கவும் செய்யும். டாக்டர்கள் ஜிவிஎச்டி என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பிரிக்க இன்றுவரை சரியான வழி இல்லை. ஒன்றை அடக்கினால் மற்றொன்றும் அடங்கிவிடலாம். தம்பியிடம் இதை மட்டும் மறக்காதீர்கள் என்றேன். பின்னால் வரும் கதை முழுவதும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

தாக்குதல் நுரையீரலுக்குப் போனால் அடிபடுவது பெரிய மூச்சுக்குழாய் அல்ல. அதன் கிளைகளின் கடைசியில் இருக்கும், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு குழாய்கள். அவற்றின் உட்சுவரில் புண் ஆறி ஆறித் தழும்பு கட்டி, வழி குறுகிக்கொண்டே வரும். இங்கே கட்டடங்களில் ஏசி டக்ட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? அறை நன்றாக இருக்கும், மிஷினும் ஓடும். காற்று மட்டும் வராது, இருக்கிற காற்றும் வெளியே போகாது. அதேதான். பிரான்கியோலைட்டிஸ் ஆப்லிடெரன்ஸ் என்று நீளமான பெயர். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக பிஓஎஸ் என்பார்கள். இன்னொருவரின் அணுக்களைப் பெற்ற நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு வரும். நாள்பட்ட ஜிவிஎச்டி ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்குப் பதினான்கு. கட்டிய தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. மேற்கொண்டு கட்டாமல் நிறுத்துவதுதான் எல்லா மருந்துகளின் குறிக்கோளும்.

இங்கேதான் என் தொழில் வருகிறது. ஆழமாக இழுத்து, ஒரே மூச்சில் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஊத வேண்டும். பட்டாணிக்கு இந்தியில், கோழிக்கோட்டுக்காரருக்கு மலையாளத்தில், நம்மவருக்குத் தமிழில் என்று நான் நாள் முழுக்க “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க” என்று கத்திக்கொண்டிருப்பேன். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் முக்கிய எண். எஃப்இவி1 என்று தாளில் அச்சாகும். வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து, இவ்வளவு வர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போய், இரண்டு வருடத்துக்குள் 10 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தும் இருந்தால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடிப் பங்கு பத்தில் ஏழுக்கும் குறைவா, சிடி ஸ்கேனில் காற்று அடைபட்டுக் கிடப்பது தெரிகிறதா, கிருமித் தொற்று எதுவும் இல்லைதானா என்று எல்லாம் பார்த்த பிறகே பிஓஎஸ் என்று எழுதுவார்.

இந்த நோயின் கெட்ட குணம், ஓசையில்லாமல் வருவது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். கொஞ்சம் வறட்டு இருமல், கொஞ்சம் இளைப்பு. மாற்று சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியவர் அதைப் புழுதிக் காற்றின் மேல் போடுவார், ஏசியின் மேல் போடுவார், ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து போட்ட எடையின் மேல் போடுவார். தெரியவரும்போது பாதி மூச்சு போயிருக்கும்.

சரி, இதற்கும் அசித்ரோமைசினுக்கும் என்ன சம்பந்தம்? தொண்டை வலிக்கு மூன்று நாள் கோர்ஸ் எழுதுகிற அதே ஆன்டிபயாடிக்தான். கொரோனா காலத்தில் அதன் பெயர் தெரியாத வீடே இல்லை. இந்த வகை மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு, மூச்சுக்குழாயில் அழற்சியையும் தணிக்கும். இதைக் கண்டுகொண்டவர்கள் ஜப்பான்காரர்கள். அங்கே சிறு மூச்சுக்குழாய்களைப் பீடிக்கும் வேறொரு கொடிய நோய் இருந்தது. 1970களில் அந்த நோய் வந்தவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 63 விழுக்காடு. 1980களில் ஷோஜி குடோ என்ற டாக்டரும் அவர் குழுவினரும், இதே குடும்பத்து மருந்தான எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் மாதக்கணக்காகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் நோய் கண்டவர்களில் அந்த எண் 91க்கு ஏறிவிட்டது.

அடுத்தது நுரையீரல் மாற்று. அதிலும் பிஓஎஸ் வரும். பெல்ஜியத்தில் லூவன் நகரத்து டாக்டர்கள் 83 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அசித்ரோமைசினும் மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் பிஓஎஸ் வந்தது 12.5 விழுக்காட்டினருக்கு, எடுக்காதவர்களில் 44.2. இது 2011இல் வெளியானது. இதைப் படித்த எவருக்கும் அடுத்த எண்ணம் தானாக வரும்: ஸ்டெம் செல் மாற்றிலும் நோய் வருமுன்னே கொடுத்துவிட்டால் என்ன? மலிவான மாத்திரை, பழகிய மாத்திரை, பெரிய பக்கவிளைவும் இல்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பாரிஸ் செயிண்ட் லூயி ஆஸ்பத்திரியின் ஆன் பெர்ழெரோன் என்ற நுரையீரல் டாக்டரும் அதைத்தான் நினைத்தார். ஆனால் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிடாமல், பிரான்சின் 19 மையங்களைச் சேர்த்து ஒரு சோதனை வைத்தார். 2014 பிப்ரவரியிலிருந்து 2015 ஆகஸ்ட் வரை 480 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று தீர்மானித்தது குலுக்கல்; டாக்டருக்கும் தெரியாது. கீமோ தொடங்கும்போதே ஆரம்பித்து, 250 மில்லிகிராம், வாரம் மூன்று நாள், இரண்டு வருடம்.

“மச்சான் சீட்டுல இருக்கிற அதே கணக்கு” என்றார் தம்பி.

அதே கணக்குதான். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: “மருந்து இருக்குன்னு தெரிஞ்சும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை குடுத்திருக்காங்களே, அது பாவமில்லையா? அதுவும் டாக்டருக்கே தெரியாமலாமே?”

எல்லோரும் கேட்கிற கேள்விதான், நியாயமான கேள்வியும்கூட. இரண்டு விஷயங்கள் சொன்னேன். மாவு மாத்திரை என்றால் சிகிச்சையே இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று பொருளில்லை. ஜிவிஎச்டியைத் தடுக்கும் மருந்து, கிருமிக்கு மருந்து, பரிசோதனைகள் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. கூடுதலாக இந்த ஒரு மாத்திரையில் மட்டும்தான் வேறுபாடு. இரண்டாவது, டாக்டருக்குத் தெரியாமல் வைப்பது அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. நல்ல டாக்டருக்குத்தான் ஆசை அதிகம். தன் நோயாளி மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் ‘தேவலையா இருக்கே’ என்று வாய் வரும். நோயாளியும் ஆமாம் என்பார். என் மிஷினில்கூட அது நடக்கும். நான் கத்துகிற கத்தலைப் பொறுத்து ஒரே ஆள் ஊதும் அளவு மாறுகிறது. யாருக்கு எது என்று எனக்குத் தெரிந்தால், எனக்கே தெரியாமல் ஒருவருக்குச் சத்தமாகவும் ஒருவருக்கு மெதுவாகவும் கத்துவேன்.

அப்படியானால் ஏதாவது விபரீதம் நடந்தால் யார் பார்ப்பது? அதற்குச் சோதனைக்கு வெளியே ஒரு குழு உண்டு. சோதனையை நடத்துபவர்களுக்கு அதில் இடமில்லை. அவ்வப்போது கணக்கு அவர்கள் கைக்குப் போகும். பிரெஞ்சுச் சோதனையில் அந்தக் குழுவின் முன்னால் இரண்டு பத்திகள் வந்தன. எந்தப் பத்தி மருந்து, எந்தப் பத்தி மாவு என்று குறிக்கவில்லை. ஆனால் ஒரு பத்தியில் ரத்தப் புற்றுநோய் திரும்பியவர்களின் எண்ணிக்கை மற்றதைவிட வெகுவாகக் கூடியிருந்தது. 2016 டிசம்பர் 26ஆம் தேதி சோதனையை நிறுத்தினார்கள்.

திறந்து பார்த்தபோது கூடியிருந்தது மருந்துப் பக்கம். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 465 பேர். அசித்ரோமைசின் சாப்பிட்ட 234 பேரில் 77 பேருக்குப் புற்றுநோய் திரும்பியது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 231 பேரில் 48 பேருக்கு. இரண்டு வருடம் உயிரோடிருந்தவர்கள் மருந்துப் பக்கம் 56.6 விழுக்காடு, மறுபக்கம் 70.1. சரி, நுரையீரலையாவது காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. பிஓஎஸ் வந்தவர்கள் மருந்துப் பக்கம் 15, மறுபக்கம் 7. அமெரிக்காவின் ஜாமா மருத்துவ இதழில் 2017 ஆகஸ்டில் இது வெளிவந்தது. அடுத்த வருடம் எஃப்டிஏ விடுத்த எச்சரிக்கைதான் தம்பியின் கைப்பேசியில் இருந்தது.

தம்பி 77ஐயும் 48ஐயும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். எனக்கும் இந்தச் சோதனையில் மனதைப் பிடித்து நிறுத்துவது அந்த 48தான். அந்த 48 பேர் இல்லாதிருந்தால் 77க்கு அர்த்தமே கிடையாது. யோசித்துப் பாருங்கள். 2012 வாக்கில் உலகம் முழுக்க டாக்டர்கள், நியாயமான காரணத்தோடு, எல்லோருக்கும் இந்த மாத்திரையை எழுத ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பியிருக்கும். யாரும் மாத்திரையைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். இந்த நோய் திரும்புகிற நோய்தானே! டாக்டர் வருத்தப்பட்டிருப்பார், குடும்பம் விதி என்றிருக்கும், அடுத்த படுக்கைக்காரருக்கு அதே மாத்திரை எழுதப்பட்டிருக்கும். புதுசாக ஒரு கேடு வந்தால் கண்ணில் படும். சொறியோ வாந்தியோ வந்தால் யாரும் மருந்தைத்தான் கேட்பார்கள். ஏற்கெனவே நடக்கிற கேடு கொஞ்சம் கூடுதலாக நடந்தால், பக்கத்தில் வைத்து எண்ண ஆளில்லாவிட்டால், எந்தக் கெட்டிக்கார டாக்டராலும் பார்க்க முடியாது. மாவு மாத்திரை விழுங்கிய அந்த 231 பேரைப் பாவம் என்று சொல்வதா, நமக்கெல்லாம் உபகாரம் செய்தவர்கள் என்று சொல்வதா?

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. மறக்காதீர்கள் என்று சொன்ன இடத்துக்கே அது போகிறது. சோதனையில் இருந்தவர்களின் ரத்தத்தைப் பின்னர் பாரிசில் ஆராய்ந்தபோது, அசித்ரோமைசின் எதிர்ப்பு அணுக்களின் சக்தி உற்பத்தியைக் குலைத்துச் சோர்வடைய வைப்பதற்கான தடயங்கள் கிடைத்தன. அழற்சியைத் தணிக்கும் அந்தக் குணமே, ஒளிந்திருக்கும் புற்றணுவைத் தேடும் வேலையையும் தணித்துவிட்டது போலும். நுரையீரல் மாற்றில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே தேடிக் கொல்ல வேண்டிய புற்றுநோய் கிடையாது.

“அப்ப மச்சானுக்கு ஏண்ணே எழுதினாங்க?”

இதற்கு இன்னொரு சோதனையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கிர்ஸ்டன் வில்லியம்ஸ் என்ற டாக்டர் தலைமையில், புதிதாக பிஓஎஸ் வந்துவிட்ட 36 பேருக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள்: புளூடிகசோன் இன்ஹேலர், அசித்ரோமைசின், மாண்டெலுகாஸ்ட். தொடக்கத்தில் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு மாத்திரையும். மூன்றின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து ஃபாம் என்பார்கள். மச்சானின் சீட்டு இதுதான். மூன்று மாதத்தில் மூச்சு மேலும் சரிந்தவர்கள் 6 விழுக்காடு மட்டுமே. பழைய பதிவுகளில் அது 40. முடிவு 2016இல் வெளியானது, அதாவது பிரெஞ்சு அதிர்ச்சிக்கு முந்தைய வருடம்.

இரண்டுக்கும் நடுவே வேறுபாடு இருக்கிறது. பிரான்சில் கொடுத்தது நுரையீரல் நோய் வராதவர்களுக்கு, மாற்று சிகிச்சையின் முதல் நாளிலிருந்து, அதாவது புற்றுநோய் திரும்பும் ஆபத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில். மச்சான் அந்தக் கட்டத்தில் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டார். நுரையீரல் நோயும் வந்துவிட்டது. ஏற்கெனவே பிஓஎஸ் உள்ளவர்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 2020இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அசித்ரோமைசின் எடுத்தவர்களுக்குப் பழைய புற்றுநோய் திரும்புவது கூடவில்லை. ஆனால் வேறு புதிய புற்றுநோய்கள் வருவது கூடியிருந்தது. ஆகவே இன்று சில டாக்டர்கள் மூன்றும் எழுதுகிறார்கள், சிலர் அசித்ரோமைசினை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் எழுதுகிறார்கள், சிலர் குறைந்த நாளுக்கு எழுதுகிறார்கள். யாரும் கவனக்குறைவாக எழுதவில்லை. எழுதுவதற்கு அடியில் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான்.

எனக்கு ஃபாம் சோதனை மீது ஒரு குறை உண்டு. அதில் மாவு மாத்திரைக் கூட்டம் இல்லை. 6ஐ ஒப்பிட்டது பழைய பதிவேட்டின் 40உடன். பழைய காலத்தில் பிஓஎஸ் முற்றிய பிறகே கண்டுபிடித்தார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதச் சொல்லி முளையிலேயே பிடிக்கிறார்கள். தவிர, இந்த நோய் சிலருக்குத் தானாகவே ஒரு மட்டத்தில் நின்றுவிடும். நின்றது மருந்தாலா, தானாகவா? 36 பேரை வைத்துச் சொல்ல முடியாது. அரிய நோய், ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்க வழியில்லை என்பதும் உண்மைதான்.

இந்தச் சந்தேகம் வீண் சந்தேகமல்ல என்பதற்கு இதே துறையில் ஒரு பழைய கதை இருக்கிறது. மாற்று சிகிச்சை முடிந்த சில வாரங்களில், கிருமி எதுவும் இல்லாமலே நுரையீரல் முழுவதும் அழற்சி கண்டு ஆக்சிஜனில் போய் விழுகிற இன்னொரு சிக்கல் உண்டு. அதற்கு எடனெர்செப்ட் என்ற ஊசியை ஸ்டீராய்டோடு சேர்த்து 15 பேருக்குக் கொடுத்தார்கள். 10 பேர் ஆக்சிஜனை விட்டு எழுந்தார்கள். 2008இல் அது வெளியானபோது பெரிய நம்பிக்கை. பிறகு குலுக்கல் முறையில் வைத்துப் பார்த்தார்கள். ஆள் கிடைக்காமல் 34 பேரோடு முடிக்க வேண்டி வந்தது. ஊசி போட்ட 16 பேரில் ஆக்சிஜன் இல்லாமல் பிழைத்தது 10 பேர். ஸ்டீராய்டு மட்டும் பெற்ற 18 பேரில் 12 பேர்! சின்னச் சோதனை, அதை வைத்து மருந்தே உதவாது என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் முதல் 15 பேரை எழுப்பியது ஊசி என்று எவ்வளவு உறுதியாக நம்பியிருப்பார்கள்!

சின்னதாக இருந்தும் ஒழுங்காகச் செய்த சோதனையும் உண்டு. அதே பெர்ழெரோன் குழு, பிஓஎஸ் வந்த 32 பேருக்கு, புடெசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த இன்ஹேலரையும் வெறும் இன்ஹேலரையும் குலுக்கிக் கொடுத்துப் பார்த்தது. ஒரு மாதத்தில் முதல் நொடிக் காற்று மருந்துப் பக்கம் நடுமதிப்பில் 260 மில்லி கூடியது, மறுபக்கம் 5 மில்லி. படியேறுபவருக்கு 260 மில்லி சாதாரணமில்லை. ஆஸ்துமாக்காரர்கள் இங்கே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற அதே வகை இன்ஹேலர். புது மருந்துகளும் வந்திருக்கின்றன: ருக்சோலிடினிப், பெலுமோசுடில். ருக்சோலிடினிப்பை 329 பேரிடம் சோதித்ததில் நாள்பட்ட ஜிவிஎச்டி ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் கால்வாசிப் பேருக்கு. ஆனால் நுரையீரலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. தழும்பு தழும்புதான்.

இரண்டாவது டீ வந்ததும் ஊர்க் காரியத்துக்கு வந்தோம். மச்சானுக்கு மறுபடி துபாய் வர ஆசை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததால் பழைய விசா போய்விட்டது. முதலாளி புது விசா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கே ஊதப் போகிறார் என்பதை முடிவு செய்துகொண்டு வரட்டும் என்றேன். இங்கே எந்தக் கிளினிக்கில் இருமலுக்குப் போனாலும் ‘எனக்கு ஸ்டெம் செல் மாற்று நடந்திருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எஃப்டிஏ எச்சரித்தது தடுப்புக்காக நீண்ட நாள் கொடுப்பதைப் பற்றி. மூன்று நாள், ஐந்து நாள் கோர்ஸைப் பற்றி அல்ல. இருந்தாலும் ஏற்கெனவே வாரம் மூன்று எடுக்கிறவருக்கு மேலே இன்னொரு கோர்ஸ் விழக் கூடாது. பூஞ்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளோடு அசித்ரோமைசின் சேர்ந்தால் இதயத் துடிப்பின் லயம் கெடலாம். ஈசிஜி எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். மாண்டெலுகாஸ்ட் சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, தூக்கமின்மை கொண்டுவரும். எஃப்டிஏ அதற்கும் 2020இல் கடும் எச்சரிக்கை போட்டிருக்கிறது. மச்சான் வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு படுத்துக் கிடந்தால் நோயின் கவலை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன்.

“நாளைக்கு இப்படி ஒரு சோதனையில சேருங்கன்னு கேட்டா?”

சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேராவிட்டால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது, பாதியில் விலகவும் உரிமை உண்டு. இந்தியாவில் 2009 ஜூன் 15இலிருந்து ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும்; பதிவு எண் கேட்டால் சொல்வார்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேட்கலாம். நானாக இருந்தால் ஒப்பிட ஒரு மறுபக்கம் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். நடுவில் கணக்குப் பார்க்கும் வெளிக்குழு இருக்கிறதா என்பது அடுத்தது. வளைகுடாவில் இருப்பவருக்கு இன்னொன்றும் உண்டு: எத்தனை முறை நேரில் வர வேண்டும், டிக்கெட் யார் செலவு? பாதிப் பேர் பாதியில் வராமல் போனால் 77ம் 48ம் எண்ண முடியாமல் போய்விடும்.

தம்பி லாத்தாவுக்கு அனுப்ப வேண்டியதைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் தட்டினார். அசித்ரோமைசின் எத்தனை மாதம், எப்போது நிறுத்துவது? புற்றுநோய் திரும்பவில்லை என்று எந்தப் பரிசோதனையால், எத்தனை நாளுக்கொரு முறை பார்க்கிறீர்கள்? மாற்று சிகிச்சைக்கு முன்னால் எஃப்இவி1 எவ்வளவு, இப்போது எவ்வளவு, இனி எவ்வளவு குறைந்தால் மருந்தை மாற்றுவீர்கள்?

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. முதல் இரண்டையும் டாக்டரிடம் கேட்கிறாராம். மூன்றாவதற்கு, முன்னால் ஊதிய தாளே வீட்டில் இல்லையாம். மச்சான் ஊதினதாகவே ஞாபகமில்லை என்கிறாராம். ஊதியிருப்பார், கீமோவுக்கு முன்னால் ஊதாமல் விடமாட்டார்கள் என்றேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் நோயாளி எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். எண் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் மேலே இருக்கும்.